அந்தப் பச்சை சைக்கிளைத் தொடாதே

சுரங்க முகாம், பில்பாரா
மேற்கு ஆஸ்திரேலியா
3 மார்ச் 2008

மெரியானா,

போனில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். இதைப் பாதியில் நிறுத்த வேண்டுமென்றால் கிழித்துத்தான் போட வேண்டும்.

டமா நேற்றுதான் ஊரிலிருந்து முகாமுக்குத் திரும்பினான். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் எல்லார் முன்னாலும் ஆரம்பித்துவிட்டான். "மச்சான், உன் சைக்கிள உங்கக்கா அக்கக்கா பிரிச்சுப் போட்டிருக்காடா! கொட்டகைத் தரை பூரா நட்டும் போல்ட்டும்தான். ஒரு சக்கரம் துணிக்கொடியில தொங்குது!" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிப்பதுபோல் வைத்துக்கொண்டேன்.

என் சைக்கிளைத் தொட உனக்கு யார் அனுமதி கொடுத்தது? கனடாவில் இரண்டு கோடை பாத்திரம் கழுவி வாங்கிய சைக்கிள் அது. அந்த ஊர் மலைகளில் ஓட்டி, ஒவ்வொரு திருகையும் என் கைக்கும் காலுக்கும் ஏற்றபடி அங்கேயே அமைத்துக்கொண்டேன். நம் காட்டுப் பாதையில் நான் அதில் இறங்கினால் பின்னால் வருகிறவனுக்கு என் முதுகுகூடத் தெரியாது. உனக்கு அது பழைய இரும்பு. உனக்கு எதுதான் பழைய இரும்பு இல்லை?

நான் வரும்வரை கொக்கியில் தொங்கட்டும் என்று சொல்லிவிட்டுத்தானே வந்தேன்? யாருக்கோ ஓட்டக் கொடுக்கப் போகிறாய் என்கிறான் டமா. யாராக இருந்தாலும் எனக்குக் கவலையில்லை. கழற்றியதையெல்லாம் திரும்ப மாட்டு. கொக்கியில் ஏற்று.

ராவிரி


ரோட்டோருவா
13 மார்ச் 2008

ராவிரி,

டூரோ மாமா செத்ததற்கு உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை. மூன்று நாள் அவரை மராய் மண்டபத்தில் கிடத்தியிருந்தோம். ஊரே அவர் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தது. டமா அவ்வளவு தூரத்திலிருந்து வந்தான். அவன் மாமியார்கூட வந்தாள், அவளுக்கும் மாமாவுக்கும் ஆகவே ஆகாது. உன்னை மட்டும் காணோம். சைக்கிள் என்றதும் பேனா கிடைத்துவிட்டது. மாமா ஒரு சைக்கிளாகப் பிறந்திருக்கலாம்.

யாருக்கு என்று கேட்கவே மாட்டேன் என்கிறாய். நானே சொல்கிறேன். உன் மகளுக்கு. ஹுயாவுக்கு.

நீ போனபோது என் வீட்டில் இரண்டை விட்டுப் போனாய். ஒன்றைக் கொட்டகைக் கொக்கியில் மாட்டினாய், இன்னொன்றை என் இடுப்பில் ஏற்றினாய். அவள் அம்மா ஆக்லாந்தில் வேறு குடும்பம் என்று ஆகிவிட்ட நேரம். "ஃபாங்காய் பிள்ளையா வச்சுக்கோ அக்கா, ரெண்டே வருஷம்" என்றாய். பிள்ளையைச் சொந்தத்துக்குள் வளர்க்கக் கொடுப்பது நம் ஜனத்துக்குப் புதிதா? நம் அம்மாவே அப்படி வளர்ந்தவள்தான். வளர்க்க நான் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் கொடுத்தவர்கள் வருவார்கள், போவார்கள், பிள்ளைக்கு முகம் காட்டுவார்கள். அதுதான் ஃபாங்காய். மாட்டிவிட்டுப் போவதற்குப் பெயர் வேறு. நான்கு வயதில் விட்டுப் போனாய், இப்போது பதிமூன்று.

பள்ளிக்கூட மலைச்சைக்கிள் அணியில் சேர்ந்திருக்கிறாள். இதுவரை பள்ளிக்கூட சைக்கிளில் பழகினாள். அவை புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு வேண்டுமாம். மே மாதப் போட்டிக்குச் சொந்த சைக்கிள் கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள். கொட்டகையில் ஒன்று சும்மா தொங்குகிறது, அவள் அப்பனுடையது. நான் என்ன செய்திருக்க வேண்டும், சொல்.

ஒரு சொட்டு எண்ணெய்கூட விடாமல் மாட்டிவிட்டுப் போயிருக்கிறாய். இந்த ஊர்க் கந்தகக் காற்றில் கரண்டியே கறுத்துப்போகும். செயின் ஒரே கட்டியாகிவிட்டது. டயர் பிஸ்கட்டாக உதிர்கிறது. ஹேண்டில்பார் குழாய்க்குள்ளிருந்து ஒரு வேட்டாப் பூச்சி முள்ளுக்காலைத் தூக்கிக்கொண்டு என்னிடம் சண்டைக்கு வந்தது. உன் சொத்தை நீ இல்லாதபோது அந்தப் பூச்சியாவது காவல் காத்திருக்கிறது.

சீட் கம்பி பிரேமோடு ஒட்டிக்கொண்டு அசைய மறுக்கிறது. ஹுயா உன்னைவிடக் குள்ளம், சீட்டை இறக்கியாக வேண்டும். மரலாரி டயரைத் தனியாகக் கழற்றுகிறவள் நான், என்னால் முடியவில்லை. எப்படி எடுப்பது என்று எழுது. கெஞ்சவில்லை, கேட்கிறேன்.

மெரியானா


பில்பாரா
25 மார்ச் 2008

மெரியானா,

மாமா செத்தபோது விடுப்பு கேட்டேன், கொடுக்கவில்லை. நீ நம்பப் போவதில்லை. நம்பாதே.

ஹுயாவுக்கு என்று தெரிந்ததும் நான் குளிர்ந்துவிடுவேன் என்று நினைத்தாயா? சின்னப் பிள்ளை ஓட்டுகிற வண்டியா அது? இன்னொன்றும் சொல்கிறேன். அந்த சைக்கிள் கொக்கியில் தொங்குகிறவரை, 'ராவிரி வருவான்' என்று ஒரு பேச்சாவது அந்த வீட்டில் இருந்தது. இறக்கிவிட்டாய். இவன் இனி வரமாட்டான் என்று அக்காவும் மகளும் சேர்ந்து முடிவு கட்டிவிட்டீர்கள், அப்படித்தானே? கட்டியது கட்டினீர்கள், எனக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டமா வாயிலிருந்தா நான் கேட்க வேண்டும்?

சீட் கம்பியைத் திருகாதே, உடைந்துபோகும். பிரேம் இரும்பு, கம்பி அலுமினியம், இரண்டும் ஒன்றையொன்று கவ்வியிருக்கும். ஊறுகிற எண்ணெய் விட்டுச் சில நாள் சும்மா வை. நீ சும்மா வைக்கமாட்டாய், இருந்தாலும் சொல்கிறேன். அப்புறம் கம்பியின் தலையை வைஸ் இடுக்கியில் கடிக்கவிட்டு, சைக்கிளையே பிடித்துச் சுற்றுங்கள். கம்பி நிற்கட்டும், சைக்கிள் திரும்பட்டும். இரண்டு பேர் வேண்டும்.

ஹேண்டில்பார் பக்கம் மட்டும் போகாதே. கைப்பிடி, பிரேக் லீவர், கியர் பொத்தான், கேபிள் போகிற பாதை, ஒன்றும் இம்மி மாறக்கூடாது. கேபிள் துருவேறியிருந்தால் புதியதை அதே வழியில் நுழை. என்றைக்காவது நான் வந்து ஏறினால் என் விரல் தானாகப் போய் எல்லாவற்றையும் பிடிக்க வேண்டும். ஜென்மத்தில் ஒருமுறையாவது நான் சொல்வதைக் கேள். அதைத் தொடாதே.

ராவிரி


ரோட்டோருவா
20 ஏப்ரல் 2008

ராவிரி,

சீட் கம்பி வந்துவிட்டது. நீ சொன்ன மாதிரிதான் செய்தோம். ஹுயா முன்சக்கரப் பக்கம், நான் பின்பக்கம், செக்கு மாடு மாதிரி வைஸைச் சுற்றிச் சுற்றி வந்தோம். திடீரென்று ஒரு அலறல் சத்தம், உடைந்தது எங்கள் எலும்பா சைக்கிளா என்று தெரியவில்லை, இரண்டு பேரும் மல்லாந்து கிடந்தோம். கம்பி கையில் இருந்தது. ஹுயா சிரித்தாள் பார், அவள் அவ்வளவு நேரம் சிரித்து நான் பார்த்ததில்லை. நீ பார்த்திருக்க வேண்டியது. உனக்குப் பதிலாக நான் பார்த்தேன், அந்தக் கோபமும் எனக்கு இருக்கிறது.

முடிவு கட்டிவிட்டோம் என்று எழுதியிருந்தாய். ஒன்பது வருஷம் அந்தக் கொட்டகையில் துணி காயப்போட்டிருக்கிறேன். நிமிரும்போதெல்லாம் உன் பெடல் என் தலையில் இடிக்கும். இடிக்கும்போதெல்லாம் 'வருவான்' என்று சொல்லிக்கொள்வேன். மண்டை வீங்கியதுதான் மிச்சம். முடிவு கட்டியது நானா?

முன் ஃபோர்க்குக்கு ரப்பர் கிடைக்கத்தான் நாளாகிறது. செயின், டயர், பிரேக் கட்டை எல்லாம் புதிது. ஹேண்டில்பாரில் உன் உத்தரவுப்படி கை வைக்கவில்லை. கேபிள் மட்டும் இற்றுப்போயிருந்தது. போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, பழையது போன வழியிலேயே புதியதை நுழைத்தேன். இரண்டு லீவரையும் அமுக்கிப் பார்த்தேன், நன்றாகப் பிடிக்கிறது. சந்தோஷமா?

பிரேமை ஹுயா தேய்த்து மஞ்சள் பெயின்ட் அடித்துவிட்டாள். மேல் குழாயில் வெள்ளையில் நீ எழுதியிருந்த உன் பெயரை மட்டும் டேப் ஒட்டி மறைத்து, அப்படியே விட்டுவிட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

இப்போது வீட்டில் எந்நேரமும் சைக்கிள் பேச்சுதான். சைக்கிள் அணியின் லெஸ்லி டீச்சர் சொல்லிக் கொடுத்ததைச் சாப்பிடும்போதுகூட மேசையில் விரலால் தட்டித் தட்டிச் சொல்கிறாள். "வலது முன்ன, இடது பின்ன. செங்குத்தா சறுக்குற எடம் வந்தா வலது வெரல எடுத்துரு, இடது மட்டும்." நான் சிப்ஸை நீட்டினால் அதற்கும் வலது, இடது.

உனக்கு ஒரு வரி எழுதச் சொன்னேன். "என்ன எழுதுறது அத்தை, அவர எனக்குத் தெரியாதே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

போட்டி மே பதினேழு, சனிக்கிழமை. முடிந்தால் வா.

மெரியானா


பில்பாரா
1 மே 2008

மெரியானா,

மஞ்சளா?

கனடாவிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பச்சை அது. கம்பெனியில் அடித்த பெயின்ட். அந்தப் பச்சையை இப்போது உலகத்தில் எங்கே தேடினாலும் கிடைக்காது. அதைத் தேய்த்துவிட்டு மஞ்சள்! வாழைப்பழமா அது? ஒரு பிள்ளை உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால், பக்கத்தில் நின்ற பெரியவளுக்கு 'வேண்டாம்' என்று சொல்ல வாய் வரவில்லை. என்னிடம் 'வாயை மூடு' என்று சொல்ல மட்டும் நன்றாக வரும்.

ஹேண்டில்பாரையாவது விட்டுவைத்தாயே, அந்த மட்டுக்கும் நன்றி.

பதினேழாம் தேதி வர முடியாது. வேலை.

ராவிரி


ரோட்டோருவா
19 மே 2008

ராவிரி,

உயிருக்கு ஒன்றுமில்லை. அதை முதல் வரியிலேயே எழுதுகிறேன். ஹுயாவுக்கு இடது காறை எலும்பு உடைந்திருக்கிறது. முகத்தில் பாதி தோல் இல்லை.

சனிக்கிழமை முகாம் ஆபீசுக்குப் போன் செய்து சொன்னது நான்தான். அதற்கப்புறம் நீ மூன்று முறை கூப்பிட்டாய். நான் எடுக்கவில்லை. வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நான் பேசியிருக்கும் பேச்சை நீ செத்தாலும் மறந்திருக்க மாட்டாய்.

ஃபோர்க் ரப்பர் வந்து சேர்ந்ததே போன வாரம்தான். சைக்கிள் முழுசாகி அவளுக்கு ஓட்டக் கிடைத்தது நான்கைந்து நாள். மழை வேறு. தெருவிலும் ஏரிக்கரையிலும் ஓட்டிப் பார்த்தாள். மட்டமான பாதையில் இரண்டு பிரேக்கையும் சேர்த்துத்தானே பிடிப்பாள், அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

போட்டியில் பாதி வழிவரை அவளுக்கு முன்னால் இரண்டே பேர்தான். நான் ரெட்வுட் மரங்களுக்குக் கீழே, அந்தச் செங்குத்து இறக்கம் முடிகிற இடத்தில் நின்றிருந்தேன். உனக்குத் தெரிந்த இடம்தான். ஈரக் களிமண், ஊடே வேர். மஞ்சள் தெரிந்ததும் கத்தினேன், "வாடி என் தங்கம்!" என்று. அவள் சொல்லிக் கொடுத்தபடியே செய்தாள். வலது விரலை எடுத்துவிட்டாள். இடது மட்டும் பிடித்தாள். முன்சக்கரம் அப்படியே நின்றது. பிள்ளை ஹேண்டில்பாருக்கு மேலாகப் பறந்து என் காலடியில் வந்து விழுந்தாள்.

லெஸ்லி டீச்சர் ஓடிவந்து பிள்ளையைப் பார்த்தாள். ஆம்புலன்சுக்குக் காத்திருந்த நேரத்தில் சைக்கிளைத் தூக்கினாள். முன்சக்கரத்தைச் சுற்றிவிட்டு இடது லீவரை அமுக்கினாள், நின்றது. "இத யாரு மாட்டுனது? முன் பிரேக்கு இடது கையில இருக்கு! நம்ம ஊர்ல யாரு இப்படி வைப்பா?"

"அவ அப்பன்" என்றேன்.

நம் நாட்டில் முன் பிரேக் வலது கையில். கனடாவில் இடது கையில். இது லெஸ்லிக்குத் தெரியும், உனக்குத் தெரியும். நான் லாரி ஓட்டுகிறவள், சைக்கிளில் ஏறியே யுகமாகிவிட்டது. லீவரை அமுக்கினேன், ஏதோ ஒரு சக்கரம் பிடித்தது, போதும் என்று விட்டேன். அது என் தப்பு, அதை நான் சுமந்துகொள்கிறேன். நீ? கைப்பிடியைத் தொடாதே, பொத்தானைத் தொடாதே, கேபிளைத் தொடாதே என்று இம்மி இம்மியாக எழுதத் தெரிந்தது. 'முன் பிரேக் இடது பக்கம்' என்று நான்கு வார்த்தை எழுத வரவில்லை. நீ மறந்தாய், சரி. நானே எழுதினேனே! வலது முன்ன, இடது பின்ன என்று அவள் மேசையில் தட்டியதை உனக்கு எழுதினேனே! அதைப் படித்துவிட்டு நீ மஞ்சளுக்கு மாரடித்தாய்.

ஜென்மத்தில் ஒருமுறை நீ சொன்னதைக் கேட்டேன். என் பிள்ளையைத் தூக்கிப் போட்டுவிட்டது.

ஆமாம், என் பிள்ளைதான். விழுந்து கிடந்தபோது அவள் என்ன கேட்டாள் தெரியுமா? வலிக்கிறது என்று சொல்லவில்லை. "நான் சரியாத்தானே புடிச்சேன் அத்தை? இடதுதானே? இடதுதானே சொன்னாங்க?" என்று கேட்டுக் கேட்டு அழுதாள். தப்பு தன்னுடையது என்று நினைத்து அழுதாள். ஆஸ்பத்திரி வரைக்கும் அதேதான்.

அதை உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பதில் வேண்டாம்.

மெரியானா


பில்பாரா
30 மே 2008

அக்கா,

உன் மேல் கத்தத்தான் முதலில் உட்கார்ந்தேன். 'ஒரு தடவை ஏறிப் பார்க்காமலா பிள்ளையிடம் கொடுப்பாய்' என்று ஒரு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. கிழித்துவிட்டேன்.

ஏப்ரலில் நீ எழுதியதை எடுத்து மறுபடி படித்தேன். இருக்கிறது. மேசை, சிப்ஸ், வலது, இடது, எல்லாம் இருக்கிறது. என் பெயரை மறைத்து விட்டுவைத்தாள் என்பதும் இருக்கிறது. அன்றைக்கு அது ஒன்றும் என் கண்ணில் ஏறவில்லை. என் கைக்கு எப்போதும் இடதுதான் முன். ஊருக்கெல்லாம் வேறு என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. என் சைக்கிளில் இன்னொருவர் ஏறுவார் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை, அக்கா. இறக்காதே இறக்காதே என்று கத்தினேனே தவிர, அவள் அதில் ஏறி உட்காருவதை ஒருமுறைகூட மனசில் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எந்த பிரேக் எந்தக் கையில் என்பது ஞாபகம் வந்திருக்கும்.

எதையாவது போட்டு உடைக்கலாம் போல் இருக்கிறது. இங்கே எல்லாம் இரும்பு, ஒன்றும் உடையாது.

தப்பு அவளுடையது இல்லை என்று அவளிடம் சொல். சரியாகத்தான் பிடித்தாள். அதை நீ சொன்னால் போதாது, நான் வந்து சொல்கிறேன். ஜூன் கடைசியில் விடுப்பு வாங்கிவிட்டேன். 'கொடுக்காவிட்டால் வேலையை வைத்துக்கொள்' என்றதும் கொடுத்தார்கள். மாமாவுக்கும் அப்படிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

நான் வரும்வரை சைக்கிளை யாரும் தொட வேண்டாம். நானே பிரித்து, நானே பிரேக்கை மாற்றுகிறேன். அவளை அதுவரை ஏறவிடாதே.

ராவிரி


ரோட்டோருவா
10 ஜூன் 2008

ராவிரி,

மறுபடியும் தொடாதே! உனக்கு வேறு வார்த்தையே தெரியாதா?

உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே தொட்டாயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கொஞ்ச நாள் அவள் கொட்டகைப் பக்கமே போகவில்லை. கண்ணில் படாமல் கொக்கியில் ஏற்றிவிடலாமா என்று கேட்டேன். என்னை முறைத்தாள் பார், அப்படியே உன் முறைப்பு. எழுந்து போய் சைக்கிளைச் சுவரில் சாய்த்து, ஸ்பானரை எடுத்துவிட்டாள். இடது கைக்குக் கட்டுப் போட்டிருக்கிறது. நான்தான் அவளுக்கு இடது கை. "அத்தை, அங்க புடி. அங்க இல்ல, இங்க. ஐயோ, லாரி நட்டுன்னு நெனச்சியா? மெதுவா!" ஒரு மத்தியானம் முழுக்க ஏச்சு வாங்கினேன். கேபிள் இரண்டையும் உருவி, பக்கம் மாற்றிப் போட்டு, சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி அவளே பார்த்தாள். என்னையும் பார்க்க வைத்தாள். இப்போது வலது முன்னே, இடது பின்னே.

சைக்கிள் வாசல் நடையில் நிற்கிறது. போகிறவர் வருகிறவரெல்லாம் இடித்துக்கொள்கிறோம். கொட்டகையில் கொக்கி காலியாக இருக்கிறது. துணி காயப்போட வசதியாக இருக்கிறது.

நீ வந்தால் என் கோபம் தீர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு வராதே. தீரவில்லை. நேரே முதலில் மாமாவின் கல்லறைக்குப் போ. அவரிடம் என்ன சொல்ல வேண்டுமோ சொல், அப்புறம் வீட்டுக்கு வா. நான் கத்துவேன். நீ கேட்டுக்கொள்வாய். சாப்பாடு இருக்கும்.

நீ வருவதை ஹுயாவிடம் சொன்னேன். செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். திரும்பாமலே பதில் சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"வரட்டும். ஆனா வந்த வேகத்துல பழைய நெனப்புல இதுல ஏறிடப் போறாரு. பின் பிரேக்குன்னு வலத அமுக்குனாருன்னா தலகுப்புற போயிருவாரு. ஏறுறதுக்கு முன்னாடி என்னக் கேட்டுட்டு ஏறச் சொல்லு."

சொல்லிவிட்டேன்.

மெரியானா